டிவி பெட்டியை அறைந்த டைப் டீச்சர்

எண்பதுகளின் கடைசியில், நாற்பது வயதில், தர்மபுரியில் நான் கம்ப்யூட்டர் பரீட்சை எழுதினேன். மூன்று பக்கக் கடிதத்தைத் திரையில் அடிக்க வேண்டும். தேறாவிட்டால் சித்தேரி மலைக்கு மாற்றல் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். செருப்பை வெளியே விட்டு அந்த ஏசி அறைக்குள் நுழைந்தபோதே எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பக்கத்து நாற்காலியில் மாரண்டஹள்ளி டைப்ரைட்டிங் டீச்சர் ஒருவர். ஒல்லி உடம்பு, காதோரம் நரை, வளையாத முதுகு. விரல்கள் பறந்தன. ஆனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் அவருடைய இடக்கை தானாக எழும்பி, டைப்ரைட்டரில் வரி மாற்றத் தள்ளுகிற, இங்கே இல்லாத லீவரைத் தள்ளப் போய், டிவி பெட்டி போலிருந்த கம்ப்யூட்டர் திரையின் கன்னத்தில் பட்டென்று ஓர் அறை வைக்கும். ஒவ்வோர் அறைக்கும் நான் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தேன்.

"சார், இந்தம்மாவ வேற எடத்துல உக்கார வைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!" என்று கத்தினேன். மேற்பார்வையாளர் அவரைக் கடைசி நாற்காலிக்கு அனுப்பினார்.

ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு திரை நிறைந்ததும் என் முதல் வரி மேலே ஏறிக் காணாமல் போனது. அடுத்து இரண்டாவது வரி.

"ஐயோ, எல்லாம் அழியுது!" என்று அலறி, ஒயரைப் பிடுங்கக் குனிந்தேன்.

"தொடாதீங்க!" என்று கடைசி நாற்காலியிலிருந்து டீச்சர் அதட்டினார். "டைப் அடிக்கறப்ப பேப்பர் ரோலருக்குப் பின்னால போவுதில்லீங்களா? அதே மாதிரிதான் இதுவும். எங்கியும் போயிடல. உக்காந்து அடிங்க."

உட்கார்ந்து அடித்தேன். தேறியும் விட்டேன். தன்மேல் புகார் சொன்னவனுக்காக அவர் எதற்கு வாயைத் திறந்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், ஒயரைப் பிடுங்கும்வரை வேடிக்கை பார்த்திருப்பேன்.