எனக்கு இல்லாத இருமல்

திருவிருந்தில் போதகர் கிண்ணத்தை என் உதட்டருகே நீட்டியபோது, இருமல் வந்தவன்போல் வாயைப் பொத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு இருமல் இல்லை. எனக்கு முன்னால் அதில் குடித்தவள் சுகிர்தம் என்பதுதான் காரணம். எழுபதுகளில், பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் நான் செய்த காரியம் இது. வேறு தவறுகளும் செய்திருக்கிறேன். அவற்றுக்கு வயதையோ வறுமையையோ காரணம் சொல்லித் தப்பித்துவிடலாம். இதற்கு முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அது திரும்பவும் நினைவுக்கு வந்தது. இப்போது நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே மகன் வீட்டில் இருக்கிறேன். இங்குள்ள ஆலயத்தில் பொதுக் கிண்ணம் கிடையாது. ஒரு தட்டில் குட்டிக் குட்டியாய்ப் பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஆளுக்கு ஒன்று. கொரோனாக் காலத்தில் வந்தது, அப்படியே தங்கிவிட்டது. நான் தயங்குவதைப் பார்த்த சபை மூப்பர், “ஏனுங்க ஐயா, எடுத்துக்குங்க. எல்லாம் தனித்தனிதானுங்க, யாரும் வாய் வெக்கலீங்க” என்றார், ஆறுதல் சொல்வதுபோல. எடுத்துக் குடித்தேன். கடையில் வாங்கிய பழரசம். வாசனையே இல்லை.

வாசனை என்றால் அது சுகிர்தம் காய்ச்சிய திராட்சை ரசம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்கள் ஆலயத்தில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து நடக்கும். அதற்கு முன் குமுளிக்குப் போய், கம்பத்திலிருந்து பஸ்ஸில் கூடை கூடையாக மலையேறி வரும் கறுப்புத் திராட்சையை வாங்கி வருவது என் பொறுப்பு. குமுளிக் கடைத்தெரு முழுக்க ஏலக்காய் மணக்கும். திரும்பி வரும்போது என் சட்டை, திராட்சை, பக்கத்து சீட்டுக்காரர் எல்லாமே ஏலக்காயாக இருக்கும். பழத்தைச் சுகிர்தத்திடம் கொடுப்பேன். அவள் கொழுந்து பறிப்பவள். ஆலயத்தைப் பெருக்குவதும் அவள்தான். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், தன் வீட்டு அடுப்படியில் பழத்தைக் கையால் பிசைந்து, வடிகட்டி, சீனியும் கிராம்பும் போட்டுக் காய்ச்சுவாள். அவள் கை பிசைந்த ரசத்தை நான் தயங்காமல் குடித்தேன். காய்ச்சிவிட்டால் கை பட்டது போய்விடும் என்று எனக்குள் ஒரு விஞ்ஞானம் இருந்தது. கல்லூரியில் வேதியியல் படித்தவன் அல்லவா!

நாங்கள் எல்லோருமே திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர்கள். என் பாட்டனாரின் பாட்டனார் ஞானஸ்நானம் பெற்றவர். மிஷனெரிகள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அதில் படித்து எங்கள் ஆட்கள் வாத்தியாராகவும் கிளார்க்காகவும் கம்பவுண்டராகவும் ஆனார்கள். சுகிர்தத்தின் முன்னோர்களும் அதே காலத்தில் அதே விசுவாசத்துக்கு வந்தவர்கள்தான். ஆனால் ஊரில் எங்கள் தெருவுக்குள் அவர்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாது. மலைக்கு வரும்போது வேதபுத்தகத்தோடு அந்த வழக்கத்தையும் பெட்டியில் மடித்துவைத்துக் கொண்டுவந்தோம். ஆலயத்தில் ஆபீஸ் குடும்பங்களுக்குப் பெஞ்சு, லயத்துக்காரர்களுக்குப் பாய். திருவிருந்திலும் பெஞ்சு முதலில், பாய் பிறகு. யாரும் போட்ட சட்டம் இல்லை. கிண்ணமோ ஒன்றே ஒன்று. பெஞ்சில் இருப்பவன் பாயில் இருப்பவளுக்குப் பிறகு குடிக்கவேண்டிய நிலைமை வரவே இல்லை, அந்த மழை நாள் வரைக்கும்.

எங்கள் வழக்கத்தில் போதகரை ‘ஐயர்’ என்போம். நான் கிளார்க்காக இருந்த தோட்டத்து ஆபீஸில் தலைமைக் கணக்கராக இருந்தவர் பாலக்காட்டு அக்கிரகாரத்துக் கல்பாத்திக்காரர், நிஜ ஐயர். “ஓய், உங்க ஐயர் எப்போ வரார்? மழையில மாட்டிண்டார்னா சொல்லும், நான் வந்து நடத்தித் தரேன்” என்று கேலி செய்வார். உண்மையிலேயே அன்று போதகர் மழையில் மாட்டிக்கொண்டார். ஜீப் சேற்றில் சிக்கி, பாதி வழி நடந்து, நனைந்து வந்து சேர்ந்தார். சுகிர்தத்தின் மகள் அன்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வலியோடு கிடந்தாள். ஆனாலும் திருவிருந்தை விட மனமில்லாமல், வெறும் வயிற்றோடு பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள் சுகிர்தம். போதகருக்கு யாரோ சொல்லியிருக்கவேண்டும். அப்பம் எடுத்ததும், “சுகிர்தம், நீ முதல்ல வாம்மா. வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு” என்று கூப்பிட்டார்.

அவள் வந்து முழங்காலிட்டாள், குடித்தாள், எழுந்து போனாள். அடுத்து எங்கள் பெஞ்சு. நான் முதல் ஆள். போதகர் வெள்ளைத் துணியால் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்து, கொஞ்சம் திருப்பி நீட்டினார். கிராம்பு மணம் மூக்கில் ஏறியது. அப்போதுதான் நான் இருமினேன்.

எனக்கு அடுத்திருந்தவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். அதற்கடுத்தவரும் அப்படியே. பெஞ்சு முழுவதும் அப்பத்தோடு நிறுத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். சுகிர்தம் போயிருக்கவில்லை. வாசலில் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மழையில் இறங்கிப் போனாள். பாயில் இருந்தவர்கள் ஒருவரும் எழுந்து வரவில்லை.

ஜெபித்து ஆசீர்வதித்த ரசத்தை மீதி வைக்கக்கூடாது. கீழே ஊற்றவும் கூடாது. போதகர்தான் குடித்து முடிக்கவேண்டும். பலிபீடத்தின் முன் நின்று, எங்கள் எல்லோருக்கும் வைத்திருந்ததை அந்தக் கிழவர் மடக்கு மடக்காகக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கும் சத்தம் ஆலயம் முழுக்கக் கேட்டது. வெளியே வந்ததும் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: “வயசான வயித்துக்கு இது ஜாஸ்தி தம்பி.”

மறுநாள் ஆபீஸில் கல்பாத்திக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். “கேள்விப்பட்டேன் ஓய். நாங்க தீட்டுன்னு சொல்லிண்டு பண்றோம். நீர் இருமிண்டு பண்றீர். அவ்வளவுதான் வித்தியாசம்.” எனக்குக் கோபம் வந்தது.

சுகிர்தம் சண்டைக்கு வரவில்லை. ஆலயத்தைப் பெருக்கினாள். ரசம் காய்ச்சித் தந்தாள். திருவிருந்து தொடங்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள். அவளைப் பார்த்து அவள் லயத்துக்காரர்களும் எழுந்து போனார்கள். கர்த்தருடைய பந்தியிலிருந்து நான் ஆட்களைக் கிளப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்பவனும் நான்தான். அன்பைப் பற்றி நன்றாகவே பேசுவேன். பெஞ்சில் இருப்பவர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். பாயில் இருந்தவர்கள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயந்தரம், குழாயடியில் சண்டை போட்டவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வரவேண்டும். மனக்கசப்போடு பந்திக்குப் போகக்கூடாது. அன்று சாயந்தரம் லயத்து வாசல்கள் கல்யாண வீடு மாதிரி இருக்கும். “யக்கா, நாஞ் சொன்னது தப்புதான், ஆனா கொடத்த நீதான் மொதல்ல தள்ளுன” என்று சமாதானத்திலேயே அடுத்த சண்டை பிறக்கும். ஆபீஸ் குடியிருப்பிலிருந்து யாரும் அதற்காக லயத்துக்கு இறங்கியதில்லை. மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை நான் இறங்கினேன்.

சுகிர்தம் முழங்கை வரை கறுத்த சாறோடு திராட்சை பிசைந்துகொண்டிருந்தாள்.

“என்ன கிளார்க்கய்யா, பழம் கொறையுதா?”

“இல்ல. மன்னிச்சிரு சுகிர்தம்” என்றேன். என்னைவிட மூத்தவள் என்பது அப்போதுதான் உறைத்தது. “மன்னிச்சிருங்க.”

“திடீர்னு ‘ங்க’ போட்டா எனக்குப் பயம்மா இருக்கு” என்றாள். சிரிக்கவில்லை. “கோவமில்லன்னு சொன்னா அது பொய். நாளைக்குக் கோயிலுக்குப் போற ரசத்துல கைய வெச்சிக்கிட்டு நான் பொய் சொல்லமாட்டேன். எம் மக அங்க நோவுல கெடக்கா, நான் எதுக்கு வந்தேன்? அவளுக்காவ ஒரு மடக்கு. அதையும் நீங்க எச்சியாக்கிட்டீக.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே குழந்தை அழுதது. அவள் கையைக் கழுவிவிட்டு, ஒரு டம்ளரில் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து நீட்டினாள். குடித்தேன். மனம் மாறித்தான் போயிருந்தேன். இருந்தும் முதல் மடக்கு தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. அதை அவள் பார்த்தாள்.

“நாளைக்கு வாரேன்” என்றாள். “ஆனா ஒங்களுக்குப் பெறகுதான் வருவேன்.”

“நான் உங்களுக்குப் பெறகுதான் வருவேன்.”

மறுநாள் அந்தக் கூத்து நடந்தது. போதகர் கிண்ணத்தோடு நிற்கிறார். நான் எழவில்லை, அவள் எழவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டு யாருமே எழவில்லை. கடைசியில் அவள்தான், “ஐயருக்குக் கை வலிக்கும்யா, எந்திரிங்க!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். அவள் குடித்தாள். போதகர் விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தார். நான் பெரிய தியாகிபோல், “துடைக்க வேண்டாம் ஐயா” என்றேன். குடித்தேன். கிராம்பு, சீனி, கம்பத்துத் திராட்சை. கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்ததும் சுகிர்தம் பக்கத்தில் வந்தாள். “தொடைக்கது எல்லாருக்கும் நல்லதுதான் கிளார்க்கய்யா. ஒங்களுக்கு வேற இருமல் உண்டே.” அவளைச் சுற்றி நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்த மன்னிப்பு அதுதான். இதைவிட நல்ல மன்னிப்பை நான் எங்கும் வாங்கியதில்லை.

ஆபீஸ் குடும்பங்கள் சில கோபித்துக்கொண்டு டவுன் ஆலயத்துக்குப் போயின. மற்றவர்கள் முனகிக்கொண்டே இருந்து பழகிவிட்டார்கள். கொஞ்ச நாளில் யார் முதலில் என்று யாரும் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது. அந்த மழை நாளில் பிறந்த பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, ஞானத்தகப்பனாக நிற்க என்னைத்தான் கூப்பிட்டாள் சுகிர்தம். கிருபை என்று பெயர் வைத்தோம். இன்று வரை அவள் எனக்கு மகள்.

தோட்டம் மூடிப் பல வருஷமாகிறது. ஆலயத்தின் தகரக் கூரையைக் காற்றும் ஆட்களும் கொண்டுபோய்விட்டார்கள். கல்பாத்திக்காரர் இல்லை, போதகர் இல்லை. சுகிர்தம் அந்த மலைச்சரிவிலேயே அடக்கமாகியிருக்கிறாள். கிண்ணம் எங்கே போனதென்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் கிருபைக்குப் போன் செய்து குட்டிக் கிண்ணங்களைப் பற்றிச் சொன்னேன். அன்று பெஞ்சில் உட்கார்ந்து நான் ஆசைப்பட்டது இதுதானே, யாருடைய வாயும் படாத கிண்ணம், இந்த வயதில் கேட்காமலே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்றேன்.

“ஆச்சி இருந்தா என்ன கேட்டிருக்கும் தெரியுமாப்பா? ‘இது என்ன, கிளார்க்கய்யாவுக்கு இருமல் மருந்தா?’ன்னு கேட்டிருக்கும்.”

சிரித்தேன். சிரிப்பு இருமலில் முடிந்தது. இப்போது எனக்கு நிஜமாகவே இருமல் உண்டு. என் வாய் பட்ட கிண்ணத்தை இனி யாருக்கும் நீட்ட மாட்டார்கள், அது நியாயம்தான். எனக்கு முன்னால் ஒருவர் குடித்து, அவர் உதட்டுச் சூடு விளிம்பில் ஆறுவதற்குள் எனக்கு ஒரு மடக்குக் கிடைத்தால் போதும்.