நான் தீர்க்கதரிசியாக இருந்த விடுமுறை

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, 'தீர்க்கதரிசி' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதி வரும்படி தமிழ்ப்பள்ளி ஆசிரியை சொல்லியனுப்பினார். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினார்.

"தீர்க்கம்னா நீளம். தரிசின்னா பாக்குறவரு. ரொம்ப தூரத்துல வர்றத முன்னாடியே பாத்துச் சொல்றவரு. வடமொழிச் சொல்லு."

எங்கள் அடுக்குமாடியின் கீழே உணவுக்கடை வைத்திருந்த முஸ்லிம் அங்கிளிடமும் கேட்டேன். "நாங்க நபின்னு சொல்வோம்மா. அரபுச் சொல்லு லா. சேதி கொண்டு வர்றவங்கன்னு அர்த்தம் சொல்வாங்க" என்றார். இரண்டையும் எழுதி நட்சத்திரம் வாங்கினேன்.

விடுமுறை விட்டதும் அந்தப் பதவியை நானே எடுத்துக்கொண்டேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. நடைவழிச் சுவரில் எக்கி நின்றால் ரயில் நிலையத்துச் சாலை முழுவதும் தெரியும். "அத்தை வரப்போறாங்க, கையில பலாப்பழம்" என்று அறிவிப்பேன். சற்று நேரத்தில் அத்தை பழத்தோடு கதவைத் தட்டுவார். அம்மா ஒவ்வொரு முறையும் வாயில் கைவைத்து வியப்பாள்.

ஒருநாள் காலை பத்து மணிக்குச் சாலையில் அப்பா வந்துகொண்டிருந்தார். சுங்கை வேயிலிருந்த தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர் மாலை ஆறுக்கு முன் திரும்பியதே இல்லை.

"அப்பா வரப்போறாரு!"

"இந்நேரத்துக்கா? வேற யாராச்சும் இருக்கும்டி."

வெகுநேரம் கதவு தட்டப்படவில்லை. அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். கீழே ஊஞ்சல்களுக்குப் பக்கத்துப் பெஞ்சில், மடியில் சோற்றுப் பாத்திரத்தோடு அப்பா உட்கார்ந்திருந்தார். கூப்பிடப் போன என் வாயைப் பொத்தி அம்மா உள்ளே இழுத்தாள்.

"சும்மா இரு. அவரே வரட்டும்."

ஆறு மணிக்குத்தான் வந்தார். "இன்னிக்கு நெறைய வேல" என்றார்.

"கை கழுவிட்டு வாங்க" என்றாள் அம்மா. "காலையிலயே பாத்தேனே" என்று நான் தொடங்கியதும் ஒரு வடையை என் வாயில் திணித்தாள். சொன்னது பலித்தும் யாரும் மெச்சவில்லையே என்று அன்று அழுதேன்.

அப்பாவின் வேலை போய்விட்டது என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்தே தெரிந்தது. கிள்ளானில் வேறு வேலை கிடைக்கும்வரை மூன்று வாரம் அவர் காலையில் வழக்கம்போல் கிளம்பினார். அம்மாவும் ஒன்றும் கேட்காமல் வழக்கம்போல் சோறு கட்டிக் கொடுத்தாள். ஆனால் சோற்றின் மேல் தினமும் ஒரு பொரித்த முட்டையை வைத்தாள். அவருக்கு மட்டும் ஏன் முட்டை என்று அந்த மூன்று வாரமும் நான் அவளோடு சண்டை போட்டேன்.