கூரையில் நின்றவன்

கூரையில் நின்று ரீவி அன்ரனா திருப்புகிறவன் ஒருநாளும் படம் பார்ப்பதில்லை. கல்லடியில் எங்கள் வீட்டில் முதலில் அத்தான் ஏறினார். அவருக்குப் பிறகு அந்த நாசமாய்ப் போன வேலை என் தலையில் விழுந்தது.

அத்தான் அக்காவின் புருஷன். சுனாமி எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனபின், புது வீட்டில் சமைக்கிற குசினியின் மேல்தளத்தில் இரும்புக் குழாயை நட்டு அன்ரனா கட்டியவர் அவர்தான். மலைநாட்டு ரீவிக் கோபுரம் எங்கேயோ, நாங்கள் எங்கேயோ. ஒரு விரற்கடை சரியாகத் திரும்பினால் முகம் தெரியும், தவறினால் வெறும் புள்ளிதான். வெயிலுக்கும் காற்றுக்கும் அதுவும் மாறும். "இறுக்கிக் கட்டாத, நெடுகத் திருப்பவேணும்" என்பார்.

பிறகு லொறியில் சீமெந்து ஏற்றிக்கொண்டு வன்னிக்குப் போனார். சண்டை மூண்டு பாதையைப் பூட்டினார்கள். அதோடு ஒரு சேதியும் இல்லை.

போர் முடிந்த அந்த மே மாதம், வன்னியிலிருந்து தண்ணீரைக் கடந்து வெளியே வந்த சனத்தை ரீவியில் காட்டினார்கள். அக்கா சோறு தண்ணி இல்லாமல் அதற்கு முன்னால் இருந்தாள். நான் மேலே, குழாயைக் கட்டிப்பிடித்தபடி, உள்ளங்கால் வெந்துகொண்டு நின்றேன்.

"இன்னும் கொஞ்சம்... நில்லு, நில்லு! ஐயோ, இவர்தான்! தம்பி, ஓடி வந்து பாரு!"

இறங்கினேன். இறங்கியிருக்கவே கூடாது, மடையன் நான். கையை எடுத்ததும் காற்று குழாயைத் திருப்பிவிட்டது. உள்ளே வந்தபோது ரீவி முழுக்கப் புள்ளி. அந்தக் காட்சியை நாங்கள் மறுபடி காணவே இல்லை.

காணாமல் போனவர்களை விசாரிக்கிறோம் என்று பட்டணத்தில் மேசை போட்டவர்களிடம், அவர் உயிரோடு வெளியே வந்ததைக் கண்ணால் கண்டதாக அக்கா சொன்னாள்.

"வேற ஆரும் கண்டதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அன்றைக்கென்று உண்மை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் காணல்ல. கூரையில நிண்டன்."

உண்மையாவது மண்ணாங்கட்டியாவது! பயம். பொய் சொன்னால் என்னையும் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். மேசைக்காரர் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது. அக்கா வாவியைப் பார்த்தபடி சொன்னாள்:

"நீ கிரிக்கெட் பாக்க எண்டு அந்த மனுசன் எத்தின நாள் வெயிலுக்குள்ள கூரையில நிண்டவர். அவருக்காக ஒரு பொய் சொல்ல உனக்கு வாய் வரல்ல."