மாத்திரை நிறுத்திய வாரம்

பனியன் கம்பெனியில் நான் செக்கிங் பார்க்கிறேன். தைத்து வரும் பீஸ்களை விரித்து, ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. இரண்டு வருடமாக எனக்கு விடாத தும்மல், கண் அரிப்பு. தினமும் ஓர் அலர்ஜி மாத்திரை போட்டால் அடங்கும். எதனால் வருகிறது என்பதில்தான் வீட்டில் ஒற்றுமை இல்லை. என் கணவர் பஞ்சுத் தூசி என்றார். மாமியார் கத்தரிக்காய் மேல் பழியைப் போட்டு, அதை வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

கடைசியில் அலர்ஜி டாக்டரிடம் போனோம். முன்கையில் சொட்டு சொட்டாக மருந்து வைத்து லேசாகக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். ஆனால் ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டுமாம். அது உடம்பில் இருந்தால், ஒவ்வாத பொருள் பட்டாலும் தோல் தடிக்காதாம்.

அன்றே என் கணவர் காவலுக்கு நின்றுவிட்டார். வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் அள்ளி பால் வாங்கும் தூக்குப்போசியில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார். என் தைராய்டு மாத்திரையும், மாமியாரின் சர்க்கரை மாத்திரையும்கூட உள்ளே போய்விட்டன. மறுநாள் காலை மாமியார் தன் மாத்திரையைத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.

"அலர்ஜி மாத்திரை மட்டுந்தானுங்க்கா. மத்ததையெல்லாம் யாருங்க நிறுத்தச் சொன்னாங்க?" என்றார் நர்ஸ்.

பதில் சொல்லட்டும் என்று போனைக் கணவரிடமே நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பீரோ சாவியை எடுத்து வந்தார்.

அந்த வாரம் முழுக்கத் தும்மித் தீர்த்தேன். நான் தும்முகிற வேகத்தில் மடித்து வைத்த பீஸ்கள் கலைவதாகப் பக்கத்து டேபிள்காரி புகார் சொன்னாள். மூக்கு தக்காளி போலச் சிவந்துவிட்டது. டெஸ்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் கோலத்தைப் பார்த்த கணவருக்கு மனசு கேட்கவில்லை. சுடுதண்ணீரும் ஒரு மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினார்.

"ஏனுங்க, இது போடலாங்களா?" என்றேன்.

"இது சளி மாத்திரை அம்மிணி. அலர்ஜிக்கு இல்ல. போட்டுட்டுப் படு."

போட்டேன். சுகமாகத் தூங்கினேன்.

மறுநாள் என் முன்கையில் வரிசையாகக் குத்தினார்கள். அதில் ஓர் இடம், டெஸ்ட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, எல்லோருக்குமே தடிக்க வேண்டிய இடமாம். எனக்கு அதுவும் தடிக்கவில்லை. என்ன மாத்திரை போட்டீர்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டே, "சளிக்குன்னு நாந்தானுங்க ஒண்ணு குடுத்துப்போட்டேன்" என்றார். சளி மாத்திரையிலும் அலர்ஜி மருந்து கலந்திருக்கும் என்று விளக்கிய டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னொரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

இரண்டாவது வாரம் நான் தும்மும்போதெல்லாம் கணவர் கர்ச்சீப்பை மட்டும் நீட்டினார். இஞ்சி டீ போடக்கூட நர்ஸிடம் போனில் அனுமதி வாங்கினார்.

இந்த முறை கையில் ஒரே ஓர் இடம் கொசு கடித்ததுபோல் புடைத்தது. மெத்தை, தலையணைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் காரணம் என்றார் டாக்டர். எங்கள் இருவருக்கும் ஏதோ பரிசு விழுந்த சந்தோஷம். இனி மாத்திரை போடலாம் என்றதும் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒன்றைப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் கணவர் தோளில் சாய்ந்தவள், நாங்கள் இறங்கும் அனுப்பர்பாளையம் வந்து அவர் எழுப்பும்வரை தூங்கினேன்.