வானலையில் என் மூச்சு

வாசகர்களே, நீங்களே சாட்சியாக இருங்கள். பேச்சுப் போட்டிகளில் அலமாரி நிறையக் கோப்பைகள் வாங்கிய ஒருவன், தான் மிகவும் பெருமைப்படும் நிகழ்ச்சியில் ஒரு சொல்லும் பேசவில்லை என்றால் நம்புவீர்களா? சென்ற ஆண்டு, தாம்பரத்தை அடுத்த எங்கள் கல்லூரியின் சமுதாய வானொலி நிலையத்தில், ஒரு சனிக்கிழமை மாலை அது நடந்தது.

முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஓர் அண்ணா குடியிருக்கிறார். பகலில் நாவலூரில் கணினி வேலை. மற்ற நேரமெல்லாம் இசை. அவர் அமைப்பது ‘டிரம் அண்ட் பேஸ்’ என்னும் வகை. தாளம் தலைதெறிக்க ஓடும். அதன் அடியில் கனத்த பேஸ் ஒலி நிதானமாக நகரும். வெளிநாட்டு இணைய வானொலிகள் சில அவருடைய இசையை ஒலிபரப்பியிருந்தன. நம் ஊர்ப் பண்பலைகளோ, பாட்டில் வரிகளே இல்லையே என்று ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டன. வீட்டில் மிக்சி ஓடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று அவர் மனைவி கேலி செய்வார். நம்மூர் வானொலியில் வந்தால் பாட்டென்று ஒத்துக்கொள்வதாகச் சவாலும் விட்டிருந்தார்.

எங்கள் கல்லூரி நிலையத்தில் வாரந்தோறும் நிகழ்ச்சி நடத்துபவன் நான். பொறுப்பாளர் மேடத்திடம் நெடுநேரம் வாதாடி, என் நேரலையில் அண்ணாவின் பாட்டுக்கு இடம் வாங்கினேன்.

ஒலிபரப்புக்குச் சற்று முன், அண்ணா மடிக்கணினியில் கொண்டுவந்திருந்த பாட்டை மேடம் ஒருமுறை ஓடவிட்டார். தாளம் உச்சத்துக்கு ஏறி, சட்டென்று நின்றது. சில விநாடிகள் முழு நிசப்தம். பிறகுதான் பேஸ் இடிபோல் இறங்கியது. மேடத்தின் முகம் மாறிவிட்டது. எங்கள் நிலையத்தில் ஒரு கருவி உண்டு. ஒலி நின்றுபோனால், ஒலிபரப்பு அறுந்துவிட்டதாக எண்ணி, தானாகவே டெங்குக் கொசு ஒழிப்பு அறிவிப்பு ஒன்றைப் போட்டுவிடும்.

“அந்த கேப்பை கட் பண்ணிடுங்க தம்பி. இல்லன்னா நடுவுல டெங்கு கொசு வந்துடும்,” என்றார் மேடம்.

“கட் பண்ணா அது என் பாட்டே இல்ல மேடம். பரவால்ல, விட்டுடலாம்,” என்று அண்ணா மடிக்கணினியைப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. முத்தாய்ப்பான வரிக்கு முன் எவ்வளவு நேரம் மௌனம் காக்க வேண்டும் என்பதை மேடைகளில் பழகியவன் நான். அந்த இடைவெளியை வெட்டக் கூடாது என்று மேடத்திடம் மன்றாடினேன். அப்படியானால் மைக்கைத் திறந்து வைக்கிறேன், கருவி ஏமாறும்படி நீயே ஏதாவது பேசிவிடு என்றார் அவர். என் நாவில் ஒரு நல்ல வாக்கியம் தயாராகவும் இருந்தது.

அண்ணா என்னைப் பார்த்தார். “பேசாதடா. மூச்சு மட்டும் விடு.”

மூச்சு வாங்கும் ஓசை மைக்கில் கேட்கக் கூடாது என்பதுதான் எனக்கு அளிக்கப்பட்ட முதல் பயிற்சி. அன்று அதைக் கேட்கும்படி விட வேண்டியிருந்தது. தாளம் ஏறியது. நின்றது. ஒலி அளவைக் காட்டும் பச்சை விளக்குகள் அணைந்தன. நான் மைக்கை நெருங்கி, நெஞ்சு நிறைய இழுத்து, மெல்ல விட்டேன். ஒரே ஒரு விளக்கு மினுங்கியது. அணையப் போனது. மீண்டும் இழுத்தேன். கொசு வரவில்லை, பேஸ் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் மேடத்தின் தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் அண்ணாவின் கைபேசி ஒலித்தது. மனைவி. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“சரி, பாட்டுதான், ஒத்துக்கறேன். நடுவுல யாரோ மூச்சு வாங்கினாங்களே, யாருங்க அது? மாடி ஏறி வந்தாங்களா?”

அண்ணா சிரித்தார், சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறர் படைப்புக்கு இடம்விட்டு நிற்பதிலும் இத்தனை நிறைவு உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது. எந்தக் கோப்பையை வாங்கியபோதும் அடையாத பெருமையோடு எழுந்து நின்று, மேடைக் குரலிலேயே சொன்னேன்:

“அண்ணா, உங்க அடுத்த பாட்டுக்கும் மைக் முன்னாடி நான்தான் உக்காருவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”