கறிக்கு வெட்டிய விலா

சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறி, மீன், இறைச்சி, சவர்க்காரம் எல்லாம் வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலை. கேட்டது எதுவானாலும் இல்லை என்று சொன்னதில்லை. கடற்படைச் சாவடியில் எந்தச் சிப்பாய் சாக்கைக் கம்பியால் குத்துவான், எவன் கொட்டிப் பார்ப்பான் என்பதுகூட எனக்கு அத்துப்படி.

ஒருநாள் கோதுமை ஏற்றிக்கொண்டு ஆர்ஜென்டினாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. அதன் சமையற்காரர் காலையிலேயே என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, அரைகுறை ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். நாற்பது வருடம் கடலில் கழித்த மூத்த மாலுமி ஒருவர் மறுநாள் கப்பலை விட்டு இறங்குகிறாராம். கொழும்பு போய் விமானம் ஏறினால் இனிக் கடலுக்கு வரமாட்டாராம். அவருக்குத் தங்கள் ஊர் முறைப்படி தணலில் இறைச்சி சுட்டுக் கொடுத்து வழியனுப்ப வேண்டும். அதற்கு அசாதோ என்று பெயர். மாட்டு விலா வேண்டும், இன்றைக்கே வேண்டும்.

அவர் தன் விலாவைத் தொட்டுக் காட்டி மேலும் ஏதோ விளக்க வந்தார். நான் விடவில்லை. கிண்ணியா முஸ்லிமான எனக்கு மாட்டிறைச்சியைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. "என்னை நம்புங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

துறையைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். இறைச்சிக் கடை வைத்திருப்பவர் என் மனைவியின் காக்கா, மூத்த சகோதரர். அன்றைய மாட்டின் விலா முழுதாகத் தொங்கியது.

"மச்சான், கப்பலுக்கு வேணும். என்ட பேர் கெடாம நல்லாச் சின்னனா வெட்டித் தாங்க."

"அவங்க எப்படிச் சாப்பிடுவாங்களோ தெரியாது. வெட்டத்தான் வேணுமெண்டு கேட்டீங்களா?"

"கேக்கத் தேவையில்ல. கந்தூரிச் சாப்பாட்டுக்கு வெட்டுற மாதிரி வெட்டுங்க."

அவர் வெட்டினார். ஒவ்வொரு விலா எலும்பும் ஐந்தாறு துண்டானது. மூன்று தண்ணீரில் கழுவிச் சாக்கில் கட்டியும் தந்தார். எங்கள் பக்கத்தில் இறைச்சி என்றால் அதுதான். விரலை விட நீளமான எலும்பு சட்டிக்குள் போய் நான் பார்த்ததில்லை.

மத்தியானம் கப்பலின் மேல்தளத்தில் பாதியாக அறுத்த எண்ணெய்ப் பீப்பாவுக்குள் தணல் கனிந்திருந்தது. சமையற்காரர் சாக்கை அவிழ்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார். அவருடைய சுடுகம்பிகளுக்கிடையில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. நான் கொண்டுபோன துண்டுகளை வைத்தால் எல்லாமே நெருப்புக்குள் விழும்.

"விலாவைப் பலகை மாதிரி முழுதாகக் கேட்டார்" என்றார் நன்றாக ஆங்கிலம் தெரிந்த அதிகாரி. "இது சூப்புக்குத்தான் சரி."

திரும்பிப் போய் வேறு வாங்க ஏலாது. அன்றைய மாடு முடிந்துவிட்டது. அந்தக் கிழவருக்கோ வேறு நாளில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இறைச்சிக் கடைக்காரர் விட்ட பிழை" என்றேன். "நான் முழுதாகத்தான் கேட்டேன்."

அந்தப் பொய் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

அப்போது விருந்துக்குரிய மூத்த மாலுமியே வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சாக்குக்குள் எட்டிப் பார்த்தார். இயந்திர அறைக்கு ஆளனுப்பிப் புதிய கம்பிவலை ஒன்று எடுப்பித்தார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பீப்பாவுக்கு முன்னால் குந்தினார். நெருப்பைப் பார்ப்பவர் ஒருவர்தான், மற்றவர்கள் கைவைக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். சமையற்காரர் சிறிது நேரம் முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு இடுக்கியைக் கிழவரிடம் கொடுத்தார்.

நான் பையிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்தேன். அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். உப்பு மட்டும்தானாம். சுவாலை எழும்பினால் கிழவர் தணலைத் தள்ளிவிட்டார். இந்த வேகத்தில் வெந்தால் பெருநாள் வந்துவிடும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் துண்டுகளோ கணக்கில்லாதவை, அவர் ஒருவரால் புரட்ட ஏலாது. என்னைப் பார்த்துத் தலையை அசைத்துக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் குந்தி விரலாலேயே புரட்டினேன். நீருக்கடியில் யாரும் நெருங்காதிருக்கக் கடற்படை தண்ணீருக்குள் வெடி போட்டதில் கப்பல் ஒருமுறை அதிர்ந்தது. மாலுமிகள் குனிந்தார்கள். "இது தினமும் நடக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டைப் புரட்டினேன்.

சாப்பிடாமல் தப்ப ஒரு சாட்டு வைத்திருந்தேன். அவர்களுடைய பன்றித் தொத்திறைச்சியும் அதே கம்பியில் வேகும் என்று நினைத்திருந்தேன். ஆனால் வலை புதிது, தொத்திறைச்சியோ தூரத்தில் பழைய கம்பியில் கிடந்தது. மாட்டிறைச்சி என் மச்சான் ஹலாலாக அறுத்தது. சாட்டு பலிக்கவில்லை.

வாயில் வைத்தேன். உப்பு, புகை, மாடு, அவ்வளவுதான். தூள் போடாத இறைச்சியை ஆசுபத்திரிச் சாப்பாடு என்று இளக்காரம் பண்ணுகிற நான் பதினொரு துண்டு தின்றேன். ஓரத்தில் கருகிய கொழுப்பை எலும்போடு சேர்த்துக் கடிப்பதில் அப்படி ஒரு ருசி. கிழவர் ஒவ்வொரு எலும்பையும் வழித்து எடுத்துத் தின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நெருப்பைப் பார்த்தவருக்குத் தட்டுவது அவர்கள் முறை. அவர் என் கையைப் பிடித்து மேலே தூக்கினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு முன் நான் இறங்கவேண்டும். கிழவர் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி ஒரு தகரத் தட்டில் வைத்து மூடித் தந்தார். என் வீட்டுக்கு என்று நினைத்து நன்றி சொன்னேன்.

"உங்களுக்கில்லை" என்றார் அதிகாரி. "அந்தக் கடைக்காரருக்கு. பிழை விட்டுவிட்டேனே என்று மனவருத்தத்தில் இருப்பாராம். ருசி நன்றாக இருந்தது, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார்."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். லாஞ்ச்காரன் கூப்பிட்டான், நான் இறங்கிவிட்டேன்.

மச்சான் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

"உப்பு மட்டுமா? ஆனா நல்லாத்தான் இரிக்கி. எனக்கு என்னத்துக்குத் தந்து விட்டவர்?"

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் வாயிலிருந்ததை மென்று முடித்தார். பிறகு தட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"அவர் போறதுக்கு முன்னம் போய்ச் சொல்லுங்க மச்சான்."

அடுத்த நாள் முதல் படகிலேயே போனேன். கொழும்பு வாகனம் விடியவே புறப்பட்டுவிட்டிருந்தது. அவர் தன் ஊருக்குப் போய் இந்தக் கதையைச் சொல்லியிருப்பார். அதில் இறைச்சியைக் கெடுத்தவர் என் மச்சான், பக்கத்தில் குந்தி அதைக் காப்பாற்றியவன் நான்.