பொன்னுத்தாயின் வெங்காயப் பட்டறைக் கோழிகள்

5.6.2022 – இரண்டு கோழி
11.6.2022 – ஒன்று
20.6.2022 – நான்கு
போனது ஏழு. மீதி எட்டு.

கணக்கு நான் எழுதியது, கோழிகள் பொன்னுத்தாயுடையவை. பூலாம்பாடியில் அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே கொல்லையைப் பார்த்தபடி இருக்கும். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எதற்கும் தேதி போட்டு எழுதும் பழக்கம் என்னை விடவில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது. கோழி காணாமல் போனால் காலையில் வேலியோரம் வந்து சொல்லிவிடுவாள்.

அந்தப் பதினைந்து கோழிகளையும் அவள் விற்பதற்காக வளர்க்கவில்லை. ஓசூரில் வாழ்க்கைப்பட்ட மகள் நர்மதா தலைப்பிரசவத்துக்கு வரவிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு வீட்டுக் கோழிச்சாறுதான் கொடுப்பேன் என்று பொன்னுத்தாய் சம்பந்தியிடம் சொல்லியிருந்தாள்.

ஏழு போனதும் பக்கத்துத் தெரு வீரமணி வந்து நின்றான்.

"அத்த, பச்சமலையிலேர்ந்து சிறுத்த எறங்கிருச்சாம். கோழிய எல்லாம் வித்துருங்க. இல்லன்னா நாளைக்கு எங்க ஆட்டுக்கு வரும்."

"வந்தா ஒன்னயும் சேத்துத் தூக்கிட்டுப் போவட்டும். ஒங்கம்மா ரெண்டு நாளு நிம்மதியா இருப்பா."

அன்று மாலை கோலப்பொடியைச் சல்லடையில் போட்டுக் கூட்டைச் சுற்றிச் சலித்தாள். மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டாள். பொடியில் காலடிகள் தெளிவாக விழுந்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் நகக் கீறல். வீரமணியும் குனிந்து பார்த்தான். பொன்னுத்தாய் அவன் பக்கம் திரும்பினாள்.

"எங்க வூட்டுப் பூன நகத்த நீட்டிக்கிட்டா நடக்குது? சிறுத்தயும் அந்தச் சாதிதானடா. இது நாயி. நாலஞ்சு சேந்து வருது."

நாய்களுக்கு வழிவிட்டது கூடுதான். சின்ன வெங்காயம் போடுவதை நிறுத்திய பிறகு, அறுத்த வெங்காயத்தைச் சேர்த்துவைக்கும் பட்டறை காலியாகக் கிடந்தது; அதையே அவள் கோழிக்கூடாக்கியிருந்தாள். வெங்காயம் அழுகாமல் இருக்கக் கீழிருந்து காற்று வரவேண்டும். அதனால் பட்டறை ஒன்றரை அடி உயரக் கல்லின்மேல் நிற்கும். தளத்திலும் பக்கங்களிலும் மூங்கிலைப் பிளந்த பிளாச்சுகளை இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள். நாய்கள் அடியில் புகுந்து, தூங்கும் கோழியின் காலைக் கவ்வி, பிளாச்சை உடைத்து இழுத்திருக்கின்றன.

"வெங்காயத்துக்குக் காலு இல்லண்ணே. அத நான் ரோசிக்கல," என்றாள்.

பிறகு நான்கு நாள் வேலை. பட்டறையின் அடியைச் சுற்றிப் பலகைக் கற்களை முழ ஆழம் புதைத்து நெருக்கமாக நட்டாள். பக்கங்களில், பிளாச்சிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கம்பிவலை கட்டினாள். நாய் வலையில் வாய் வைத்தாலும் கோழி எட்டாது. அவள் கல்லைச் சாய்த்துப் பிடிக்க, நான் மண்ணைத் தள்ளி மிதித்தேன். ஒவ்வொரு கல்லையும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கல்லுக்குப் போவாள்.

27.6.2022-க்குப் பிறகு போனது ஒன்றுமில்லை. 9.8.2022 அன்று நர்மதாவுக்குப் பெண் குழந்தை. எட்டுக் கோழியில் ஆறு சாறாயின. இரண்டு, அடைக்கு உட்கார்ந்தன.

2.3.2024 அன்று மகள் அவளை ஓசூருக்கு அழைத்துப் போனாள். பொன்னுத்தாய் ஒன்பது கோழிகளை என்னிடம் விட்டுப் போனாள். போனில் பேசினால் காது சரியாகக் கேட்பதில்லை என்று மாதம் ஒரு கடிதம் போடுவாள்; அவள் சொல்லச் சொல்ல நர்மதா எழுதுவாள். சாயங்காலம் கூப்பிட்டால் கோழி வருதா, சேவல் என்னைக் கொத்துகிறதா என்று விசாரிப்பு. அவள் குரலுக்கு வந்த வேகத்தில் அவை என் குரலுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதை நான் பதிலில் எழுதவில்லை.

எட்டாவது கடிதத்தில் மூன்றே வரி. "அண்ணே, மழை பேஞ்சிருக்கும். வடக்கால கடைசிக் கல்லு சாஞ்சிருக்கும். ஒதச்சுப் பாத்துருங்க."

போய் உதைத்தேன். ஆடியது. அடியில் நாயின் தலை நுழையும் அளவு மண் கரைந்திருந்தது. அன்றே நிமிர்த்தி மண்ணடித்துப் பதில் எழுதினேன். அது போய்ச் சேருமுன் நர்மதா போனில் அம்மாவைச் சொல்லி அழுதாள்.

கோழிகள் இன்றும் ஒன்பது. அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி 6.11.2024.